நிறுத்தக் கூடாத கார்

புளியம்பட்டறை ஊரில் மூன்று அண்ணன் தம்பிகள் இருந்தார்கள். மூத்தவன் பூதத்தான், நடுவிலவன் மாடக்கண்ணு, இளையவன் பலவேசம். மூவருக்கும் ஒரு நல்ல பழக்கம்: யார் எதைச் சொன்னாலும் சொன்னபடியே செய்வார்கள். ஊரில் அவர்களிடம் யாரும் அதிகம் பேசாததற்கு அதுதான் காரணம்.

ஒரே தங்கச்சி செண்பகவடிவைக் கடையநல்லூரில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். ஏழாம் மாதம், வெள்ளிக்கிழமை விடிகாலையில் மாமியார் வீட்டில் வளைகாப்பு. அது முடிந்ததும், பத்தரைக்கு ராகுகாலம் பிறப்பதற்குள் அவளைப் பிறந்த வீட்டுக்குக் கூட்டி வந்துவிட வேண்டும். அதற்காகவே அண்ணன்மார் ஒரு கார் வாங்கினார்கள். காருக்கு வயது இருபத்திரண்டு.

வாங்கிய அன்றே ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது. இஞ்சின் படம் போட்ட விளக்கு. மூவரும் குனிந்து பார்த்தார்கள்.

"ஆமை மாதிரில்லா இருக்கு," என்றான் மாடக்கண்ணு. "மெதுவாப் போகச் சொல்லுது."

இரண்டு நாள் முதல் கியரிலேயே ஓட்டினார்கள். சைக்கிளில் போனவர்கள் நலம் விசாரித்துக்கொண்டே முந்திப் போனார்கள். விளக்கு அணையவில்லை. வண்டி குலுங்கவும் ஆரம்பித்தது.

புதன்கிழமை மெக்கானிக் மைதீன் பாயிடம் போனார்கள். பாய் ஸ்டியரிங்குக்கு அடியில் ஒரு சின்ன மிஷினைச் சொருகிப் பார்த்தார்.

"எரர் கோடு காட்டுது. முதல் சிலிண்டர் மிஸ்ஸிங். இன்னிக்கு வேலை ஜாஸ்தி, நாளைக்குப் போன் பண்ணுங்க."

அண்ணன்மார் பதறிப்போய் வீட்டுக்கு ஓடி வந்து அடுப்படியில் பார்த்தார்கள். கேஸ் சிலிண்டர் இரண்டும் இருந்தன.

"இதுல எது முதல் சிலிண்டர்?" என்று கேட்டான் பலவேசம்.

"முதல்ல வந்ததுதான் முதல்," என்றான் பூதத்தான்.

"முதல்ல வந்தது தீந்து போச்சே. அதை எடுத்துட்டுல்லா வேற ஒண்ணைக் கொடுத்துட்டுப் போனான்."

மூவரும் இரண்டு சிலிண்டரையும் இன்னொரு தடவை எண்ணினார்கள்.

"அப்போ மிஸ்ஸிங்தான்," என்றான் பூதத்தான். "பாய் நம்ம வீட்டுக்கு வராமலே சொல்லிட்டாரு பாத்தியா."

சாயந்தரம் வரை கேஸ் குடோனில் தேடினார்கள். எல்லாச் சிலிண்டரும் ஒரே மாதிரி சிவப்பாக இருந்ததால் தங்களுடையதை அடையாளம் காண முடியவில்லை. பிறகு காவலாளி வந்து வெளியே அனுப்பினார்.

வியாழக்கிழமை போன் பண்ணினார்கள். "வயர் எங்கயோ ஷார்ட் ஆகுது," என்றார் பாய். "அதைச் சரி பண்ணி, கோடையும் அழிச்சாத்தான் லைட்டு அணையும். அதுக்கு நான்..."

நான் வரணும் என்று அவர் முடிப்பதற்குள் பூதத்தான் நன்றி சொல்லிப் போனை வைத்துவிட்டான். பத்தாம் வகுப்பு ஆங்கிலப் பரீட்சையை மூன்று தடவை எழுதியவன் அவன்.

"ஷார்ட்டுன்னா குட்டை. வயர் குட்டையாப் போச்சாம்."

பானெட்டைத் திறந்து, இருப்பதிலேயே குட்டையான வயர்களை வெட்டி, நடுவில் பந்தல் சீரியல் பல்பு வயரை ஒட்டுப் போட்டார்கள். எட்டு மீட்டர் நீளம் வந்தது. மிச்சத்தைச் சுருட்டி உள்ளே திணித்தார்கள். பிறகு பிரேக்கை மிதித்தால் ஹாரன் அடித்தது. ஹாரனை அமுக்கினால் வைப்பர் ஆடியது.

"நல்லதுதான். நிக்கப் போறோம்னு நாலு பேருக்குத் தெரியும்," என்றான் மாடக்கண்ணு.

அடுத்தது கோடு. காரின் இரண்டு பக்கமும் நீளமாகச் சிவப்புக் கோடு இருந்தது. செங்கல் துண்டால் தேய்த்து அழித்தார்கள். கூடவே பெயிண்டும் வந்தது. விளக்கு அணையவில்லை. பின் கண்ணாடியில் மெல்லிசாகப் பத்துப் பன்னிரண்டு கோடுகள் இருந்தன. அவற்றையும் சுரண்டினார்கள். அணையவில்லை.

"இன்னும் எங்கயோ கோடு இருக்கு," என்றான் பலவேசம்.

பூதத்தான் குனிந்து தன் சட்டையைப் பார்த்தான். கோடு போட்ட சட்டை. அதைக் கழற்றினான்.

வெள்ளிக்கிழமை காலையில் பாயே வந்துவிட்டார். எட்டு மீட்டர் வயரைப் பார்த்தவர், ஏன் என்று கேட்காமல் பிடுங்கிப் போட்டு, வெட்டிய வயர்களைப் பழையபடி இணைத்தார். எலி கடித்திருந்த ஒரு வயரைக் கண்டுபிடித்து ஒட்டி டேப் சுற்றினார். மிஷினைச் சொருகி ஏதோ அமுக்கினார். விளக்கு அணைந்தது. இஞ்சினை ஓட விட்டுவிட்டுச் சொன்னார்:

"ஸ்டார்ட்டர் வயர்தான் உயிரு ஊசலாடிட்டு நிக்கி. அதை நாளைக்குப் பாக்கேன். தங்கச்சியக் கூட்டிட்டு வீடு வந்து சேருற வரைக்கும் வண்டிய நிறுத்திராதீங்க. நிறுத்தினா மறுபடி எடுக்காது."

நிறுத்தவில்லை. கடையநல்லூர் போகிற வரை எங்கேயும் நிறுத்தவில்லை. செண்பகவடிவு கை நிறைய வளையலோடு வாசலில் நின்றாள். பக்கத்தில் மாமியார், ஆரத்தித் தட்டோடு பெண்கள். கார் வந்தது. அவர்களைக் கடந்து போயிற்று. தெருவைச் சுற்றிக்கொண்டு மறுபடி வந்தது.

"ஏறும்மா," என்றான் மாடக்கண்ணு ஜன்னல் வழியாக, கடந்து போகும்போது.

"நிறுத்தினாத்தான ஏற முடியும்?" என்று அடுத்த சுற்றில் அவள் கேட்டாள்.

அதற்கு அடுத்த சுற்றில் பூதத்தான் பதில் சொன்னான். "நிறுத்தக் கூடாதுன்னு பாய் சொல்லியிருக்காரு."

"அவரு இஞ்சினைச் சொல்லியிருப்பாருண்ணே."

"அதையும்தான் நாங்க நிறுத்தலையே," என்றான் அவன், ஒரு சுற்றுக் கழித்து.

புளியம்பட்டறைக்காரர்கள் வழக்கம் இதுதான் போலிருக்கிறது என்று பெண்கள் நினைத்துக்கொண்டார்கள். சுற்றுக்கு ஒரு தடவை ஆரத்தி எடுத்தார்கள். மூன்றாவது தட்டும் தீர்ந்தது. மணி பத்தை நெருங்கவும் மாமியார் ஓர் ஆட்டோவைக் கூப்பிட்டு, துணைக்கு ஒரு சித்தியோடு மருமகளை ஏற்றி அனுப்பிவைத்தார். அதன் பிறகும் அண்ணன்மார் மூன்று சுற்றுச் சுற்றினார்கள். அவள் போய்விட்டாள் என்று மாமியார் சொன்னது நாலாவது சுற்றில்தான் முழுசாகக் காதில் விழுந்தது.

வீட்டுக்கு வந்ததும் பூதத்தான் காரை நிறுத்தினான். உள்ளே செண்பகவடிவு நாற்காலியில் சாய்ந்து மோர் குடித்துக்கொண்டிருந்தாள். வாசலில் ஆட்டோ நின்றது. மூவர் முகமும் வாடிவிட்டது.

"நாங்க போயிக் கூட்டிட்டு வர்றதுதான முறை," என்றான் பூதத்தான். "நீயா வந்துட்டியே."

"நேரத்துக்கு வந்துட்டேன்லா. விடுண்ணே."

"ராகுகாலத்துக்கு இன்னும் அஞ்சு நிமிஷம் கெடக்கு," என்றான் மாடக்கண்ணு.

பூதத்தான் ஆட்டோக்காரரிடம் போனான். "அண்ணாச்சி, இவளை மறுபடி கடையநல்லூர்ல கொண்டு விட்டுருங்க. நாங்க பின்னாலயே வந்து முறைப்படி கூட்டிட்டு வந்துருதோம்."

"கார்தான் எடுக்காதே," என்றான் பலவேசம்.

பூதத்தான் யோசித்தான். யோசித்துவிட்டு ஆட்டோவில் ஏறி, ஓரமாக நகர்ந்து தங்கச்சிக்கு இடம் விட்டான்.

"அப்போ எல்லாரும் இதுலயே போவோம். ஆனா வழியில அவகிட்ட யாரும் பேச்சுக் கொடுக்காதீங்கல. நாம இன்னும் அவளப் பாக்கல."