நீல ரிப்பன் கட்டிய ஒயர்

“மூணு மாசமா வர்றேன். ஒரு நாளாவது ஒரு ஸ்பேனரை என் கையில கொடுத்திருப்பீங்களா?” என்று கேட்டாள் ஜெசிந்தா.

முத்துக்கனி டீயை ஊதினாள்.

“பார்க்கச் சொல்றீங்க, பார்க்கிறேன். கேட்கச் சொல்றீங்க, கேட்கிறேன். அதுக்கு வீட்டுலயே உட்கார்ந்து சீரியல் பார்த்திருப்பேனே.”

“பார்த்திருக்கலாம்,” என்றாள் முத்துக்கனி.

தூத்துக்குடி பைபாஸ் ஓரத்தில் வண்டிகளுக்கு எலக்ட்ரிக் வேலை பார்க்கும் ஷெட் அவளுடையது. சனிக்கிழமைகளில் பெண்களுக்கு வேலை கற்றுத் தரப்படும் என்று போர்டு வைத்தபோது பத்துப் பேர் வந்தார்கள். முதல் வாரம் தரையைக் கூட்டச் சொன்னாள். மறுவாரம் ஜெசிந்தா மட்டும் வந்தாள். குருவைவிடச் சிஷ்யைக்குப் பத்து வயது கூடுதல், வாய் இருபது மடங்கு கூடுதல்.

இன்று அவள் கோபத்துக்கு ஸ்பேனர் மட்டும் காரணமில்லை. அவளுடைய கார், லோடு ஆட்டோவின் பின்னால் கயிறு கட்டி இழுபட்டு வந்து ஷெட் வாசலில் நின்றது. இருபத்திரண்டு வருஷத்து வண்டி. முந்தாநாள் ரயில்வே கேட்டில் காத்திருந்தபோது சூடு காட்டும் முள் சிவப்புக்கு ஏறி, பானட்டுக்குள்ளிருந்து ஆவி கக்கி, மாமியாரை நடுரோட்டில் குடையோடு நிற்க வைத்துவிட்டது.

“பொம்பளை ஓட்டுற வண்டி வேற எப்படி இருக்கும்?” என்றார் அவள் கணவர் பெல்லார்மின். அவர் லைசென்ஸே எடுத்ததில்லை.

சொன்னதோடு நிற்கவில்லை. பழைய கார்களை வாங்கி உடைக்கிறவனுக்குப் போன் போட்டு, சனிக்கிழமை நாலு மணிக்கு வீட்டுக்கு வரச் சொல்லிவிட்டார். அதற்குள் வண்டி தன் காலில் ஓடி வந்தால் வேறு பேச்சு. இல்லையென்றால் இரும்புக்கடை.

கார் போனால் மார்க்கெட் போகும், பாட்டுக் குழு போகும், திருச்செந்தூர்த் தங்கை வீடு போகும், இந்த ஷெட்டும் போகும். மிஞ்சுவது அடுப்படி.

“எஞ்சின் சூட்டை ஆத்துற ஃபேன் சுத்தல. மோட்டார் போச்சா, ஃபியூஸ் போச்சா, பார்த்துச் சொல்லுங்க. மணி பத்தரை ஆயிருச்சு.”

“ஃபேன் எப்போ நின்னுச்சு அக்கா?”

“அதான் சொன்னேனே. முந்தாநாள், கேட்டுல.”

“அது வண்டி நின்ன நாள். ஃபேன் நின்ன நாள் எது?”

ஜெசிந்தா உதட்டைப் பிதுக்கினாள்.

“அது சுத்துறதை யாரு போய்ப் பார்த்துக்கிட்டு இருந்தா?”

“ம்,” என்றாள் முத்துக்கனி.

இந்த ‘ம்’தான் ஜெசிந்தாவுக்கு ஆகவே ஆகாது.

போன் அடித்தது. முதல் மணி முடிவதற்குள் எடுத்துவிட்டாள்.

“சர்க்கரை டப்பா எங்கே ஜெசி?” என்றார் பெல்லார்மின்.

“காபித்தூளுக்குப் பின்னால. இடது பக்கம். இல்லைங்க, உங்க இடது பக்கம்.”

வைத்துவிட்டு நிமிர்ந்தாள். முத்துக்கனி டெஸ்ட் லேம்ப்பை நீட்டிக்கொண்டிருந்தாள். ஒரு முனையில் கிளிப், மறுமுனையில் ஊசி, நடுவில் சின்னப் பல்பு.

“ஃபேனுக்குப் போற சாக்கெட்டைக் கழட்டுங்க. கிளிப்பை பாடியில மாட்டி, ஊசியை உள்ள வைங்க. நான் சாவி போடுறேன்.”

சாவி போட்டதும் பல்பு எரிந்தது.

“கரண்ட் வருது!”

“வருது. அப்போ?”

“அப்போ மோட்டார்தான் போச்சு. ஃபியூஸ் இல்ல.” ஜெசிந்தாவுக்குக் குரல் ஏறியது. “இதுக்கு மூணு நிமிஷம். இதை முதல்லயே சொல்லியிருந்தா...”

“எஞ்சின் எப்படி இருக்கு, தொட்டுப் பாருங்க.”

தொட்டாள். இரண்டு நாளாக ஓடாத எஞ்சின். சில்லென்று இருந்தது.

“சாவி போட்டதும் ஃபேனுக்குக் கரண்ட் வருதே, எதுக்கு? சூடே இல்லையே.”

ஜெசிந்தா யோசித்தாள். மூணு மாசம் கேட்டதில் இது காதில் விழுந்திருந்தது. ரேடியேட்டர் அடியில் ஒரு சுவிட்ச் இருக்கும். தண்ணீர் கொதிநிலையை நெருங்கினால் அது ஃபேனை எழுப்பும். இறங்கினால் படுக்கப் போடும்.

“ஒயரைப் பிடிச்சுக்கிட்டே போங்க,” என்றாள் முத்துக்கனி.

பிடித்துக்கொண்டே போனாள். ரேடியேட்டர் அடியில் சுவிட்ச் இருந்தது. அதில் ஒயரே இல்லை. ஃபேன் ஒயர் அதைக் கண்டுகொள்ளாமல் தாண்டி, பேட்டரி ஓரமாக வளைந்து, நேராகச் சாவி லைனில் போய் ஒட்டியிருந்தது.

“டைரக்ட்!” என்று கத்தினாள். “டைரக்டா கொடுத்திருக்கான் பாவி! சாவி போட்டா சுத்தும், எடுத்தா நிக்கும். மழையிலயும் சுத்தியிருக்கும், மார்கழியிலயும் சுத்தியிருக்கும். யாரு வேலை இது? அந்த மனுஷன் வேலையாத்தான் இருக்கும். தொல்லை விட்டா போதும் அவருக்கு. இதை வச்சுக்கிட்டா நான் ஓட்டுறதைக் குறை சொன்னாரு? இருங்க, இப்பவே கேட்கிறேன்.”

போனை எடுக்குமுன் அதுவே அடித்தது. எடுத்தாள்.

“மொட்டைமாடித் தொட்டிக்குத் தண்ணி ஏத்தணும், எந்த சுவிட்ச்?”

“மேல ரெண்டாவது. பச்சைப் பொட்டு வச்சிருக்கேன் பாருங்க. கொஞ்சம் இருங்க, நம்ம காரோட ஃபேனை...”

வைத்துவிட்டார்.

“ஜாயின்ட்டைப் பிரிங்க,” என்றாள் முத்துக்கனி.

ஒயர்கள் சேரும் இடத்தில் டேப் பாதிதான் சுற்றியிருந்தது. மீதிக்கு ஏதோ துணி. கிரீஸில் கறுத்து விறைத்திருந்தது. முடிச்சை நகத்தால் நெம்பி அவிழ்த்தாள்.

முடிச்சின் உள்மடிப்பு நீலமாக இருந்தது.

கான்வென்ட் நீலம். பதினோரு வருஷத்துக்கு முன்னால், மகள் ஐந்தாம் வகுப்புப் படித்தபோது கட்டிய ரிப்பன்.

அன்றும் ஏதோ ஒரு ஒர்க்‌ஷாப். புது சுவிட்ச் வர இரண்டு நாளாகும் என்றான் மெக்கானிக். மாமியாருக்குக் கண் ஆஸ்பத்திரி, மகனுக்கு டியூஷன், பின்சீட்டில் பசியில் அழும் மகள். “ரெண்டு நாளெல்லாம் நிறுத்த முடியாதுப்பா. சூடோ குளிரோ, சாவி போட்டா அது சுத்தணும். டைரக்டா கொடு,” என்று சொன்னது யார்? டேப் தீர்ந்துபோச்சு என்று அவன் தலையைச் சொறிந்தபோது, மகளின் சடையிலிருந்து ரிப்பனைச் சரக்கென்று உருவிக் கொடுத்தது யார்?

“யாரு வேலை அக்கா?”

ஜெசிந்தா பதில் சொல்லவில்லை. சிஷ்யையாகச் சேர்ந்த நாளிலிருந்து அவள் பதில் சொல்லாதது அதுதான் முதல் தடவை.

முத்துக்கனி மோட்டாரைக் கழற்றிப் பிளந்து அவள் உள்ளங்கையில் கவிழ்த்தாள். கரித்தூள் கொட்டியது. நடுவில், ஓயாமல் சுற்றி அரிசியளவுக்குத் தேய்ந்த இரண்டு கரித்துண்டு.

“முந்தாநாள் போனதில்ல இது,” என்றாள். “ஓடுற வண்டிக்கு எதிர்காத்து போதும். கேட்டுல நின்னீங்க பாருங்க, அப்பதான் தெரிஞ்சுது.”

“அதுக்கு முன்னால ஒரு சத்தம், ஒரு முனகல் இருந்திருக்காதா?” என்றாள் ஜெசிந்தா.

“இருந்திருக்கும்.”

பிறகு பத்தாம் நம்பர் ஸ்பேனரை எடுத்து அவளிடம் நீட்டினாள்.

“பிடிங்க.”

இன்னொரு வண்டியில் கழற்றி வைத்த நல்ல மோட்டார் ஷெட்டில் இருந்தது. புது சுவிட்ச் பக்கத்துக் கடையில் கிடைத்தது. ஜெசிந்தா முட்டி போட்டு, விரல் சிராய்த்து, தன்னையும் அந்தப் பழைய மெக்கானிக்கையும் மாறி மாறித் திட்டிக்கொண்டு மாட்டினாள். மூன்றாகப் பத்து நிமிஷம் இருந்தபோது எஞ்சினை ஸ்டார்ட் செய்தாள்.

ஃபேன் அசையவில்லை.

“சுத்தலையே! நாலு மணிக்கு ஆள் வந்துருவான், சுத்தலையே!”

முத்துக்கனி இரண்டாவது டீயை ஊதினாள்.

“வாயைத் திறந்து பேசுங்களேன்!”

“சூடாகட்டும்.”

முள் கால்வாசி ஏறியது. அரைவாசியைத் தொட்டது. தாண்டியது. ஜெசிந்தா கதவைப் பிடித்துக்கொண்டாள்.

கிர்ரென்று ஃபேன் எழுந்தது. ரேடியேட்டர் வழியே காற்றை இழுத்து உறுமியது.

ஜெசிந்தா சிரித்துவிட்டாள்.

ஒரு நிமிஷம் சுற்றியது. நின்றது.

“ஐயையோ! நின்னுருச்சு! மறுபடியும் போச்சு!”

“முள்ளைப் பாருங்க.”

முள் அரைவாசிக்குக் கீழே இறங்கியிருந்தது.

“இப்போ அது எதுக்குச் சுத்தணும்?” என்றாள் முத்துக்கனி. அவள் குரலில் கோபத்தை ஜெசிந்தா கேட்டது அன்றுதான்.

போன் அடித்தது.

ஜெசிந்தாவின் கை பாதி தூரம் போயிற்று. அங்கேயே நின்றது.

மணி அடித்து ஓய்ந்தது.

மறுபடி அடித்தது. அவள் எஞ்சினைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஃபேன் எழுந்தது, சுற்றியது, நின்றது.

நாலாவது தடவை எடுத்தாள்.

“எத்தனை வாட்டி அடிக்கிறது? காது கேக்கலையா? என் கண்ணாடியைக் காணோம். எங்கே வச்சே?”

“தேடுங்க.”

அந்தப் பக்கம் மேஜை டிராயர் ஒன்று திறந்து மூடும் சத்தம். “நாலு மணிக்கு அந்த ஆள் வந்துருவான்,” என்றார்.

“வரட்டும். வண்டி ஓடுது. சாவி எங்கிட்ட இருக்கு.”

வைத்தாள். கவிழ்த்துப் போட்ட பெயிண்ட் டப்பாவின் மேல் உட்கார்ந்து காலை நீட்டினாள்.

“கிளம்பலையா அக்கா?”

“எனக்கும் ஒரு டீ சொல்லுங்க,” என்றாள் ஜெசிந்தா.