வைத்தியர் அறியாத பூ

புல்லறுக்கும் பெண்கள் மூலிகைகளை மிதிக்கிறார்கள் என்று ஜமீன் வைத்தியர் அம்பலவாணர் ஊரை ஒட்டிய கரட்டுக் குன்றுக்குள் போகத் தடை போட்டார். மாடுகள் பட்டினி கிடந்தன. புல்லறுக்கும் வீராயி ஜமீன்தாரிடம் முறையிட்டாள்.

"எனக்குத் தெரியாத பூ ஒன்றைச் சொல். தடையை எடுத்துவிடுகிறேன்" என்றார் வைத்தியர்.

மறுநாள் சபைக்கு வந்த வீராயி, "மூக்குத்திப் பூ தெரியுங்களா சாமி?" என்றாள்.

"மலையுச்சியில் பூப்பது. காய்ச்சலுக்கு மருந்து."

"தாத்தாப் பூ?"

"ஆற்றோரம் இருக்கும். கொடிய விஷம்."

"கிணத்தடிப் பூண்டு?"

"அது இந்தச் சீமையிலேயே கிடையாது."

வீராயி மடியை அவிழ்த்து ஒரு செடியை எடுத்து வைத்தாள். "ஊருக்கு ஒரு பேரு சொல்றாங்க, செடி இது ஒண்ணுதான். உங்க வாசல்லதான் பறிச்சேன்."

வைத்தியர் குனிந்து பார்த்தார். அவர் தினமும் புண்ணுக்குக் கட்டும் வெட்டுக்காயப் பூண்டு. சபை சிரித்தது, வீராயியும் சிரித்தாள்.

ஜமீன்தார் தடையை நீக்கினார். வைத்தியரையும் அன்றே வேலையிலிருந்து நீக்கினார்.

"அதை நான் கேக்கலைங்களே" என்றாள் வீராயி. யாரும் காதில் வாங்கவில்லை.

ஊர் எல்லைவரை அவருடைய மருந்துப் பெட்டியை அவள்தான் சுமந்து போனாள்.

"தெரியாது என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்" என்றார் அவர்.

ஐப்பசியில் விஷக்காய்ச்சல் வந்தது. கரடு நிறையப் புல் இருந்தது. நாடி பிடித்துப் பார்க்கத்தான் ஊரில் ஆளில்லை.