ஒரு சாண் கம்பி

வேலப்பனுக்கு வயது ஐம்பத்து நாலு. அவர் குருவாக வரித்துக்கொண்ட பொறியாளர் தெய்வானைக்கு முப்பத்தொன்று. பட்டறையில் சிரிக்கிறவர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டுமே! தெரியாததைக் கேட்க வயது என்ன வேண்டிக்கிடக்கிறது?

அன்று காலை வேலப்பனுக்குத் தலை சுற்றியது. யானை தண்டவாளத்தை நெருங்கினால் ரயில்காரருக்கு ரேடியோவில் சேதி அனுப்பும் பெட்டியைச் செய்திருந்தார். சாயங்காலம் சோதனை. பெட்டி பேசாவிட்டால் இந்த வருஷம் அதை வைக்க அனுமதி கிடையாது என்று ரயில்வேயில் சொல்லிவிட்டார்கள். போன மாசம் அடிபட்டுக் கிடந்த குட்டியானையை அவர் நேரில் பார்த்தவர். அந்த வயிற்றெரிச்சல் இன்னும் ஆறவில்லை.

"ஏனுங்கம்மணி, உள்ள கம்பி மேல விரல் வெச்சாப் பெட்டி பேசுது, எடுத்தா ஊமையாயிருது. மீட்டர் வெச்சுப் பார்த்தேன், கம்பி எங்கயும் அறுகலை. கரண்டுக்கான ஓம் விதிப்படி எல்லாஞ் சரி. எனக்குப் பைத்தியமே புடிச்சிரும் போல."

தெய்வானை பெட்டியைத் திறந்தார். ரேடியோவுக்கும் ஆன்டெனாவுக்கும் நடுவே ஒரு சாண் கம்பி அதிகமாக, அழகாகச் சுருட்டிக் கட்டியிருந்தது.

"இது எதுக்குங்க?"

"பின்னால ரிப்பேர்னா வேணுமில்லீங்களா? வீட்டு வயரிங் பண்ணுன காலத்துப் பழக்கம். சர்க்யூட் படத்துல அது வெறுங்கோடு. கோடு நீண்டா என்ன, குறைஞ்சா என்ன?"

தெய்வானை அவரை வெளியே கூட்டிப்போனார். லாரிக் கயிற்றின் ஒரு முனையைப் பட்டறையின் இரும்பு கேட்டில் கட்டி, மறுமுனையை அவர் கையில் கொடுத்தார்.

"மெதுவா ஏத்தி இறக்குங்க."

கயிறு மொத்தமும் கையோடு ஏறி இறங்கியது.

"இப்ப வெடுக்குனு சுண்டுங்க."

ஒரு மேடு அலைபோலக் கயிற்றில் ஓடியது. கேட்டில் மோதித் திரும்பி, அவர் கையையே உலுக்கியது.

"அட!"

"கயிறு எங்கயாச்சும் அறுந்திருக்குதுங்களா?"

"இல்லீங்களே."

"உங்க ரேடியோ நொடிக்கு எண்பத்தாறு கோடி தடவை சுண்டுதுங்க. அந்த வேகத்துக்கு ஒரு சாண் கம்பியே இந்த நீளக் கயிறு மாதிரி, போற சேதி மோதித் திரும்பி வந்துருதுங்க."

வேலப்பன் கேட்டைப் பார்த்தார், கையைப் பார்த்தார். பிறகு உள்ளே போய், மனசே இல்லாமல் அந்தச் சாண் கம்பியை வெட்டி, குட்டையாகப் பற்றவைத்தார். விரலை வைத்துப் பார்த்து எடுத்தார். பெட்டி பேசியது.

சந்தோஷத்தில் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் குழப்பம் போனபாடில்லை.

"அப்ப முப்பது வருஷமா நான் நம்புன விதி பொய்யாங்கம்மணி?"

தெய்வானை கயிற்றை அவிழ்த்துச் சுருட்டிக்கொண்டே கேட்டார்:

"வீட்டுக் கரண்டாட்டம் மெதுவா ஏத்தி இறக்குனப்ப கயிறு பொய் சொல்லுச்சுங்களா?"