கழித்தது போக நின்ற பாவம்

இதை எங்கள் பங்குக் குரு தெயோபில் சாமி யாரிடமும் சொன்னதில்லை. சொல்லவும் முடியாது. பாவத்தை அறிக்கையிடும் கூண்டில், அந்தப் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் கேட்டதை வெளியே விட்டால், திருச்சபை அவரையே வெளியே விட்டுவிடும். கஸ்பார்தான் ஏலத் துறையில், சாளை மீன் குவியலுக்கு நடுவே நின்று, தன் வாயால் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் நானும் ஒருவன்.

கஸ்பாருக்கு அறுபத்தொரு வயது. கடற்கரையில் மீன் ஏலம் கூவுகிறவர். ஊர் கமிட்டிக்குத் தலைவர். சாமிக்கு முப்பத்துமூன்றுதான். ஆனாலும் கஸ்பார் தன்னைச் சாமியின் சீடன் என்றே சொல்லிக்கொள்வார். சீடன் குருவைக் கேள்வி கேட்கும்போது பாதி அதட்டலாக இருக்கும். அது தொழில் கொடுத்த குரல்.

தவக்காலத்தின் கடைசி வாரங்களில் கோயில் சொரூபங்களை ஊதாத் துணியால் மூடுவது பழைய வழக்கம். பக்கத்துப் பங்குகளில் விட்டுவிட்டார்கள். தெயோபில் சாமி விடவில்லை. அந்த வெள்ளிக்கிழமை காலை அவர் ஏணியில் நின்று சூசையப்பருக்குத் துணி கட்டிக்கொண்டிருந்தார். கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு கஸ்பார்.

"சாமி, ஒரு கேள்வி."

"கேளுங்க. ஏணியை விட்டுடாதீங்க."

"ஒரு கத்தோலிக்கன் இன்னொரு கத்தோலிக்கனுக்கு ஓட்டுப் போடாம விட்டா, அது பாவமா இல்லையா?"

"யாரு விட்டது?"

"தெரியாத மாதிரி கேக்கீங்களே. சந்தியாகு!"

ஏணி ஆடியது. சாமி சூசையப்பரின் தோளைப் பிடித்துக்கொண்டார்.

விஷயம் இதுதான். மூன்று மாதத்துக்கு முன் பஞ்சாயத்துத் தலைவர் தேர்தலில் கஸ்பார் நின்றார். எதிரே நின்றது கரையை விட்டு உள்ளே தள்ளி இருக்கும் ஊரைச் சேர்ந்த பகவதி டீச்சர். கடற்கரை ஆட்கள் எல்லோரும் கஸ்பாருக்கே போடுவதாகக் கோயில் கொடிமரத்தைத் தொட்டுச் சத்தியம் செய்தார்கள். கஸ்பார் தோற்றார். அடுத்த நாள் டீக்கடையில் வைத்து, "ஆமா, எங்க வீட்டு ஓட்டு நாலும் டீச்சருக்குத்தான்" என்றான் சந்தியாகு. அன்றிலிருந்து அவன் வள்ளத்தில் வரும் மீனைக் கஸ்பார் கூவுவதில்லை. கஸ்பார் கூவாத மீனை அந்தக் கரையில் யாரும் வாங்குவதில்லை. அவன் கூடையை ஆட்டோவில் ஏற்றி இருபது கிலோமீட்டர் போய் விற்றான். போவதற்குள் பாதி மீன் கண் வெளுத்துவிடும். இப்போது வள்ளத்தையே விற்கத் தரகரிடம் பேசியிருந்தான்.

"நாளைக்கழிச்சு குருத்து ஞாயிறு" என்றார் கஸ்பார். "பூசையில நீங்க 'அது பாவம்'னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. மத்தியானம் கமிட்டி இருக்கு. மத்ததை நான் பாத்துக்கிடுதேன்."

"மத்ததுன்னா?"

"ஊர் விலக்கு. கல்யாணம், சாவு ஒண்ணுக்கும் யாரும் அவன் வாசல் மிதிக்கக் கூடாது. நிரந்தரமா."

சாமி முடிச்சை இறுக்கிவிட்டுக் கீழே இறங்கினார்.

"பிரசங்க மேடையில பாவத்தைப் பத்திப் பேசலாம். பாவத்தைச் சொல்ற இடம் அது இல்லை." மூலையில் இருந்த பாவசங்கீர்த்தனத் தொட்டியைக் காட்டினார். "நாளைக்கு நாலு மணிக்கு உக்காருவேன். அங்கே வந்து சொல்லுங்க."

கஸ்பாருக்குத் திருப்தி. சாமி சாட்சி விசாரிக்கப் போகிறார் என்று எடுத்துக்கொண்டார்.

சனிக்கிழமை பெரிய வரிசை. கஸ்பார் முறை வந்ததும் போய் முழந்தாளிட்டார். சிலுவை போட்டார். கம்பித் தட்டிக்கு அந்தப் பக்கம் சாமியின் காது மட்டும் தெரிந்தது.

"சொல்லுங்க."

"எனக்கு என்ன பெரிசா இருக்கு சாமி. கோபம் வரும், அது ரத்தத்துல உள்ளது. சந்தியாகு விஷயத்துக்கு வாரேன். ஒண்ணு, கொடிமரத்தைத் தொட்டுச் சத்தியம் பண்ணிட்டு மீறினான். ரெண்டு, நம்ம வேதத்துக்காரனை விட்டுட்டு அந்த டீச்சருக்குப் போட்டான். மூணு, அதை டீக்கடையில வச்சுப் பெருமையாச் சொன்னான். நாலு, என்னைப் பத்திக் கேவலமாப் பேசினான். அஞ்சு, மூணு மாசமா ஞாயித்துக்கிழமைப் பூசைக்கு வாரதில்லை. ஆறு, போன வெள்ளிக்கிழமை, தவக்காலத்துல, அவன் வீட்டுல ஆட்டுக்கறி வாசம்."

"ஆறுதானா?"

"இப்போதைக்கு ஆறு."

"நல்லது. கொடிமரத்திலிருந்து பீடம் வரைக்கும் முழங்கால்ல நடக்கணும். பாவத்துக்கு ஒரு தடவை. ஆறு தடவை."

"நல்ல அபராதம் சாமி. அவன்கிட்ட யாரு சொல்றது?"

"அவன்கிட்ட எதுக்கு? நீங்கதான் நடக்கணும்."

"நானா?"

"இங்கே சொன்ன பாவத்துக்குச் சொன்ன ஆள்தான் அபராதம் செய்யணும். வேற வழக்கம் இல்லை."

கொடிமரம் வாசலுக்கு வெளியே, மணலில் இருந்தது. கஸ்பார் மனசுக்குள் அளந்து பார்த்தார். ஐம்பது அடிக்குக் குறையாது. அதற்குமேல் கோயில் நீளம்.

"சாமி, எனக்கு மூட்டு தேஞ்சுபோச்சுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. ஆறை மூணுக்கு முடிங்க."

"நான் எதையும் கூட்டலையே. நீங்க போட்ட குவியல்தான். எதையாவது எடுக்கணும்னா நீங்களே எடுத்துக்கோங்க."

கஸ்பார் தட்டிக்குப் பக்கத்தில் நகர்ந்தார்.

"அந்த ஆட்டுக்கறி. அது அவன் வீடா, பக்கத்து வீடான்னு உறுதியாச் சொல்ல முடியாது. அன்னைக்குக் கச்சான் காத்து. வாசம் எங்கேயிருந்தும் வரும். அதைக் கழிச்சிடுங்க."

"கழிச்சாச்சு. அஞ்சு."

"பூசைக்கு வராதது..." இழுத்தார். "வராமலும் இல்லை. வெளியே மதில் ஓரமா நிக்கான். நானே பாத்தேன்."

"உள்ளே ஏன் வரலை?"

"அவன் உக்காந்தா அந்தப் பெஞ்சுல இருந்து எல்லாரும் எந்திரிச்சிடணும்னு கமிட்டியில சொல்லியிருக்கோம். பிறகு எப்படி வருவான்?"

"இருக்கட்டுமா, எடுக்கவா?"

"எடுங்க."

"நாலு. உங்களைக் கேவலமாப் பேசினானே, என்ன பேசினான்?"

"'அஞ்சு மீனைப் பத்து மீன்னு கூவுற வாயை நம்பி எப்படி ஓட்டுப் போடுறது'ன்னு கேட்டிருக்கான்."

கஸ்பார் தானாகவே சொன்னார்.

"ஏலத்துல அப்படிக் கூவுறது உள்ளதுதான் சாமி. அதையும் விடுங்க."

"மூணு."

வரிசையில் நின்ற ஒரு பெண்ணின் குரல் வந்தது. "கஸ்பார் அண்ணே, உள்ளே என்ன ஏலமா நடக்கு? எங்களுக்கும் பாவம் இருக்கு!"

கோயிலில் சிரிப்பு. கஸ்பார் குரலைத் தாழ்த்திக்கொண்டார். அவர் வாழ்க்கையில் அவ்வளவு மெதுவாகப் பேசியது அதுதான் முதல் தடவையாம்.

"டீக்கடையில பெருமையாச் சொன்னானே, அது இருக்கட்டும் சாமி."

"இருக்கட்டும். எத்தனை ஓட்டுல தோத்தீங்க?"

"நூத்தி நாப்பது."

"அவன் வீட்டுல?"

"நாலு."

"மிச்சம் போட்டது யாரு?"

"யாருக்குத் தெரியும்? ஒருத்தனும் வாய் திறக்கலை. எல்லாப் பயலும் மறுநாள் என் வீட்டுக்கு வந்து துக்கம் விசாரிச்சான். இவன் ஒருத்தன்தான் போட்டேன்னு..."

அங்கே நிறுத்தினார்.

"எடுத்திடுங்க" என்றார்.

"ரெண்டு. டீச்சருக்கு ஏன் போட்டானாம்?"

"கடலரிப்பு. அவன் வீட்டுப் பின்சுவரைக் கடல் கொண்டுபோச்சுல்லா? அலையைத் தடுக்கக் கடலுக்குள்ள கல்லைக் கொட்டித் தூண்டில் வளைவு போடணும்னு அந்தம்மா கலெக்டர் ஆபீசுக்கு நடையா நடந்துச்சு. அவங்க ஊருக்குக் கடலே கிடையாது. இருந்தும் நடந்துச்சு."

"நீங்க?"

"நாங்களும் மனு எழுதினோம் சாமி. திருவிழா வந்துது. கொடியேத்தம், தேர்னு அலைஞ்சோம். மனு இன்னும் கமிட்டி அலமாரியிலதான் இருக்கு." ஒரு பெருமூச்சு விட்டார். "அதை அரைப் பாவமா வச்சுக்கிடலாமா?"

"அரை முழங்கால் நடக்க முடியாதே."

"அப்போ அடிச்சிடுங்க."

"ஒண்ணு" என்றார் சாமி.

"இதை விட மாட்டேன்." கஸ்பாரின் குரல் மறுபடி ஏறியது. "ஓட்டை யாருக்கும் போடட்டும். ஆனா கொடிமரத்தைத் தொட்டுச் சத்தியம் பண்ணினான். சத்தியம் சத்தியம்தான். இதுக்கு ஒரு தடவை இல்லை, பத்துத் தடவைன்னாலும் நான் நடக்கேன்."

"நியாயம். பொய்ச் சத்தியம் பெரிய பாவம்தான். கழிக்க முடியாது." சாமி கொஞ்சம் பொறுத்துக் கேட்டார். "சத்தியத்தை வாங்கினது யாரு?"

"நான்தான்."

"அவனாக வந்து தொட்டானா?"

"வரலை. 'கோயில் கொடியை ஓட்டுக்கு இழுக்காதீரும்'னு சொன்னான்."

"பிறகு எப்படித் தொட்டான்?"

வெளியே வரிசை நகராமல் நின்றது.

"தொடலைன்னா நாளையிலேருந்து உன் மீனைக் கூவ மாட்டேன்னேன்" என்றார் கடைசியில். "அவன் பொண்டாட்டி கையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்து தொட வச்சா."

கஸ்பார் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"சாமி, இதையும் கழிச்சிட்டா நான் எதுக்கு இங்கே வந்தேன்?"

"இப்பதான் வந்திருக்கீங்க" என்றார் தெயோபில் சாமி. "சிலுவை போட்டு முதல்லேருந்து சொல்லுங்க."

கஸ்பார் முதலிலிருந்து சொன்னார். என்ன சொன்னார் என்பதை ஏலத் துறையில் எங்களுக்குச் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

குருத்து ஞாயிறு காலை. பூசைக்கு இன்னும் முதல் மணி அடிக்கவில்லை. கஸ்பார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கொடிமரத்தடியில் முழந்தாளிட்டார். குருத்தோலையோடு வந்த சனம் அப்படியே நின்றது. மணலில் நாலு எட்டு நகர்வதற்குள் அவருக்கு மூச்சு வாங்கியது.

மதில் ஓரத்திலிருந்து சந்தியாகு பார்த்துக்கொண்டிருந்தான். அவன் வாயும் சும்மா இருக்கிற வாய் இல்லை.

"என்ன மாமா, மண்ணுல எதைத் தேடுறீரு? தொலைஞ்சுபோன ஓட்டையா?"

யாரும் சிரிக்கவில்லை. கஸ்பார் தலையைத் திருப்பவில்லை.

"ஏலே, வள்ளத்தை வித்தாச்சா?"

"நாளைக்குத் தரகர் வாரான். ஏன், அதுக்கும் தடை போடப் போறீரா?"

"அவன் வரும்போது நீ கடல்ல கிட. காலையில ஏழு மணிக்குக் கரையேறு. உன் மீனை நான் கூவுதேன்."

சந்தியாகு கையில் இருந்த ஓலையை மடித்தான், நிமிர்த்தினான்.

"அஞ்சைப் பத்துன்னு கூவுவீரா?"

"அஞ்சை அஞ்சுன்னு கூவுதேன். போதுமா? வழியை விடு. எனக்குக் கால் போகுது."

சந்தியாகு வழியை விட்டான். கஸ்பார் வாசலைத் தாண்டிக் கோயிலுக்குள் நகர்ந்ததும், மூன்று மாதத்துக்குப் பிறகு அவனும் பின்னாலேயே உள்ளே வந்தான். கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்தான். அந்தப் பெஞ்சில் இருந்தவர்கள் கஸ்பாரின் முதுகைப் பார்த்தார்கள். ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை.

பூசை முடிந்தது. அன்று மத்தியானம் கமிட்டி கூடவில்லை.

பூசை முடிந்த கையோடு, பீடத்துக்குப் பின்னால் இருக்கும் அறையில் சாமி பூசை உடுப்பைக் கழற்றி மடித்துக்கொண்டிருந்தார். கஸ்பார் நொண்டிக்கொண்டே உள்ளே வந்து சுவரைப் பிடித்து நின்றார்.

"நல்லவேளை சாமி, சூசையப்பரை மூடி வச்சிருந்தீங்க. அவர் பாக்கலை."

சாமி சிரித்தார்.

"ஆனா ஒண்ணு. நான் கேட்ட கேள்விக்கு நீங்க இன்னும் பதிலே சொல்லலை. ஒரு கத்தோலிக்கன் யாருக்குத்தான் ஓட்டுப் போடணும்?"

"முழங்கால் எப்படி இருக்கு?"

"தோல் உரிஞ்சுபோச்சு. உசிர் போற வலி."

"அந்த வலியோட போய்ப் போடுங்க."

கஸ்பார் யோசித்தார். பேரத்தை அவரால் விட முடியாது.

"அடுத்த தேர்தலுக்கு நாலே முக்கால் வருஷம் கிடக்கே சாமி. அதுக்குள்ள ஆறிடுமே."

சாமி மடித்த உடுப்பைப் பெட்டிக்குள் வைத்து மூடினார்.

"ஆறிடுச்சுன்னா வாங்க. கொடிமரம் அங்கேயேதான் நிக்குது."