பழனாத்தாள் அம்மையார் பாடம் கேட்டது

தேவார வகுப்பு தொடங்கி நானூற்றுப் பன்னிரண்டு நாள்கள் ஆகியிருந்தன. ஒரு நாளும் தவறாமல் வந்தவர் பழனாத்தாள் அம்மையார் ஒருவரே. வகுப்பு நடந்த சிவன் கோயிலில் அபிடேகக் குடங்களைப் புளியிட்டுத் துலக்குவது அவர் தொண்டு. துலக்கி முடித்ததும் ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, ஓதுவார் தண்டபாணிக்கு நேர் எதிரே வந்து அமர்வார்.

பத்தொன்பது பேர் சேர்ந்த வகுப்பு அது. வேலை கிடைத்தவர்கள் போனார்கள். மாலைப் பேருந்து நின்றதும் நால்வர் வருவது நின்றது. குரல் எழவில்லையே என்று வெட்கி ஒதுங்கியவர்களும் உண்டு. ஐவர் மிஞ்சினர்.

"கூப்பிட்டாத் திரும்புதா பாரு! கொடம் வெளக்கறதுக்கே இத்தனை ராங்கி," என்பாள் உடன் படித்த சுகந்தி. அம்மையார் அவளைப் பார்த்தால் சிரிப்பார். பிறகு பாட்டுக்குத் திரும்பிவிடுவார்.

ஓதுவார் ஓரடி பாட, மற்றவர்கள் மும்முறை திருப்பிப் பாடுவது வழக்கம். அவர் போதும் என்ற பிறகும் அம்மையார் கண்மூடிப் பாடிக்கொண்டிருப்பார். ஓதுவாருக்கும் பொறுமை போயிற்று. பிரதோஷத்தன்று முகத்துக்கு நேரே சொன்னார்.

"இன்னைக்குச் சாமி முன்னால எல்லாருங் கூடிப் பாடோணும். அதுலயும் உங்க இஷ்டத்துக்குப் போனீங்கன்னா, நாளையிலிருந்து வர வேண்டாம் அம்மிணி."

அம்மையாருக்குக் கண் கலங்கியது. "ஒழுங்காப் பாடிப்போடறனுங்க," என்றார்.

மாலையில் ஐவரும் பாடினர். பாதிப் பதிகத்தில் குருக்கள் தீபாராதனைக்காக மின்சார மேளத்தை முடுக்கினார். முரசும் மணியும் மண்டபத்தை அதிரவைத்தன. தம் குரல் தமக்கே கேளாமல் மற்ற நால்வரும் நிறுத்திக்கொண்டனர். ஓதுவாரும் கையமர்த்தினார். இறைவன் திருமேனியையே பார்த்திருந்த அம்மையார் நிறுத்தவில்லை.

"போச்சு போ," என்றாள் சுகந்தி.

சட்டென்று மின்சாரம் போயிற்று. மேளம் அடங்கியது. கடைசிப் பாட்டின் நடுவே அம்மையாரின் குரல் மட்டும் சுருதி பிசகாமல் நின்றது. பாட்டு முடிந்த கணத்தில் லிங்கத் திருமேனியிலிருந்து வில்வமாலை நழுவி விழுந்தது. குருக்கள் அதை எடுத்துவந்து அம்மையாரிடம் நீட்டினார். "நான் கழட்டலை. அவராக் குடுக்கறார், வாங்கிக்கோங்கோ."

அந்தக் குரலைக் கேட்கக் கிடைத்தவர்கள் பேறு பெற்றவர்கள்.

ஓதுவார் அம்மையாரின் எதிரே வந்து நின்றார். "அத்தனை மேளத்துல சுருதி எப்படிங்க அம்மிணி நின்னுச்சு?"

அம்மையார் அவருடைய உதடுகளைப் பார்த்தார். மாலையை மார்போடு அணைத்துக்கொண்டார்.

"மேளம் அடிச்சுதுங்களா? தெரியலீங்க. உங்க வாயப் பாத்துத்தானுங்க இத்தனை நாளும் படிச்சேன். தெரிஞ்சா நிறுத்திப்போடுவீங்கன்னு சொல்லலீங்க. எனக்குக் காது கேக்காதுங்க, சாமி."