கல்லீரலுக்கு அடியில் ஒரு பருப்பு

நானூறு வருஷத்துக்கு முந்தி இத்தாலியில் பால்தசாரே என்று ஒரு பெரிய வைத்தியர் இருந்தார். தன் பெயரைச் சொல்லும்போதே அவர் மூக்கு மேலே போகும். அதே ஊரில் ஓர்சோலா என்ற ஏழைப் பெண், பிணங்களைப் பார்த்து உள்ளுறுப்புகளை வரைந்து விற்றுப் பிழைத்தாள். வைத்தியர் அவளுடைய படமொன்றை இரவல் வாங்கி, ஆள் வைத்து அச்சு அசலாக நகலெடுத்து, தன் பெயரில் புத்தகம் போட்டார். அதோடு விட்டாரா? ஓர்சோலாதான் தன் புத்தகத்தைப் பார்த்து வரைந்தாள், அவள் படங்களைக் கொளுத்த வேண்டும் என்று வழக்கும் போட்டார்.

நீதிபதி முன்னால் ஓர்சோலா வைத்தியரிடம் பணிவாகக் கேட்டாள். "ஐயா, உங்க புத்தகத்துல கல்லீரலுக்கு அடியில குட்டியா, உருண்டையா ஒண்ணு இருக்கே, அது என்னங்க?"

"நான் கண்டுபிடித்த சுரப்பி. மனுஷனுக்குத் தைரியம் ஊறுவதே அதில்தான். படித்தவன் கண்ணுக்குத்தான் தெரியும்."

வைத்தியர் இரவல் வாங்கித் திருப்பிக் கொடுத்த தன் பழைய படத்தை ஓர்சோலா நீதிபதியிடம் நீட்டினாள். "இதுலயும் இருக்குங்க. பருப்பு சூப் குடிச்சுக்கிட்டே வரைஞ்சேன். ஒரு பருப்பு தெறிச்சு ஒட்டிக்கிச்சு."

நீதிபதி அதை நகத்தால் சுரண்டப் போனார்.

"மெதுவாங்க," என்றாள் ஓர்சோலா. "வைத்தியர் ஐயாவோட தைரியம் முழுக்க அதுலதான் இருக்கு."