பச்சை காட்டிய இரண்டாவது பிராசசர்

எங்கள் ஊருக்குக் குடிநீர் அனுப்பும் பம்புகளை ஓட்டுவது ஒரே ஒரு சர்வர். அதற்குள் இரண்டு பிராசசர்கள் ஒரே வேலையைச் சேர்ந்து செய்யும். ஒன்று செத்தாலும் மற்றது நிற்காமல் ஓட்டும். அவற்றைக் கண்காணிப்பவள் லூர்துமேரி, ஒன்பது வருடமாக ஒப்பந்தக் கூலி. இரண்டாவது பிராசசர் செத்துவிட்டது என்று பன்னிரண்டு நாளாக எழுதிக் கொடுத்தாள். மேலாளர் தனசிங் புதியது வாங்கவில்லை. திரையில் மட்டும் பச்சை காட்டும்படி மாற்றி வைத்தார்.

ஆய்வுக்கு வந்த அதிகாரியின் கையில் அவளுடைய அறிக்கை சிக்கியது. தனசிங் கொதித்தார்.

"பொய் ரிப்போர்ட் சார்! ஏம்மா, பச்சை எரியுது, கண்ணு தெரியலையா? மெஷினை ஒரு நொடிகூட நிறுத்தாம இப்பவே நிரூபி. இல்லன்னா இன்னையோட உன் வேலை காலி."

லூர்துமேரி சர்வரின் கதவைத் திறந்துவிட்டாள்.

"எதுக்கு சார் நிறுத்தணும்? ரெண்டாவது நல்லா இருக்குன்னு நீங்கதான சொல்றீங்க. முதலாவதை உங்க கையால வெளிய இழுங்க. ரெண்டாவது தாங்கிக்கும்ல?"

தனசிங்கின் கை நீண்டது, முதல் பிராசசரின் கைப்பிடியைத் தொட்டது, பின்வாங்கியது.

"இழுங்க," என்றார் அதிகாரி.

"ஐயோ வேண்டாம் சார், ஊருக்கே தண்ணி நின்னுடும்!"

"எப்படி நிக்கும்? அதான் பச்சை எரியுதே!" என்றார் அதிகாரி.

சாயங்காலமே புதிய பிராசசர் வந்தது. லூர்துமேரியின் வேலையை யாரும் தொடவில்லை. தனசிங்கை வேறு ஊருக்கு மாற்றினார்கள், அதுவும் பதவி உயர்வோடு.